டயாலிசிஸ் ஓடிக்கிட்டிருக்கும்போது சாப்பிடலாமா? எவ்வளவு, எப்போ, என்ன?

அரசலாறு:

வணக்கம். அப்பாவுக்கு வயசு 61. சர்க்கரை 18 வருஷமா இருக்கு, காலையிலயும் ராத்திரியும் இன்சுலின். டிரை வெயிட் (உடம்புல கூடுதல் நீர் இல்லாதப்ப இருக்கிற எடை) 56 கிலோ. செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் முதல் ஷிஃப்ட். பேராவூரணிப் பக்கம் கிராமத்துலேர்ந்து விடியக்காலை நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சுத் தஞ்சாவூர் வரணும். ஆறரைக்கு மெஷின்ல ஏத்தி பத்தரைக்கு இறக்குறாங்க. வீடு திரும்ப மதியம் ஒன்றரை ஆயிடுது. ஒவ்வொரு தடவையும் 2 கிலோவுலேர்ந்து 2.4 கிலோ வரைக்கும் வெயிட் ஏறி வர்றார்.

போன செவ்வாய் எட்டு மணிக்கு மூணு இட்லி, சாம்பார், ஒரு டீ கொடுத்தோம். நாற்பது நிமிஷத்துல பிபி 140-லேர்ந்து 86-க்கு வந்து வாந்தி. வியாழக்கிழமை பயந்துகிட்டு ஒண்ணுமே கொடுக்கல. மூணாவது மணி நேரத்துல சுகர் 62. இப்ப சென்டர்ல "உள்ளே சாப்பாடே வேண்டாம்"னு சொல்லிட்டாங்க.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. மெஷின்ல இருக்கும்போது கொடுக்கலாமா, கொடுத்தா எவ்வளவு? முதல் ஒரு மணி நேரத்துல வாழைப்பழம், இளநீர் எது சாப்பிட்டாலும் அதுல இருக்கிற பொட்டாசியத்தை மெஷின் இழுத்துடும்னு வார்டுல எல்லாரும் பேசிக்கிறாங்க, அது சரியா? பாஸ்பரஸைக் குறைக்கிற மாத்திரையை எப்போ போடணும்?


வெண்ணாறு (டயாலிசிஸ் டெக்னீஷியன்):

உங்க அப்பாவுக்கு என்ன செய்யணும்ங்கிறதை முதல்ல சொல்லிடறேன், காரணம் அப்புறம். மெஷின்ல இருக்கும்போது இட்லி, சாம்பார், டீன்னு டிபனா கொடுக்கிறது இனி வேண்டாம். சாப்பிட்டு ஒரு தடவை 86-க்கு இறங்கினவருக்கு அடுத்த தடவையும் இறங்கத்தான் வாய்ப்பு அதிகம். அதுக்காக விடியக்காலை நாலுலேர்ந்து மதியம் ஒன்றரை வரைக்கும் வெறும் வயித்தோட வைக்கிறது அதைவிடத் தப்பு. ஒன்பதரை மணி நேரம் அது. சாப்பாட்டை மெஷினுக்கு முன்னாடியும் பின்னாடியும் பிரிச்சு வைங்க. நடுவுல கொடுக்கிறதா இருந்தா ஒரு கைப்பிடி அளவு, அதுவும் டாக்டர் ஃபைல்ல எழுதின பிறகுதான்.

ஏன் இறங்குதுன்னா, வயித்துக்குள்ள சாப்பாடு போனதும் ரத்தம் இரைப்பைக்கும் குடலுக்கும் கூடுதலா ஓடும். மத்தவங்களுக்கு அந்த நேரம் ரத்தக்குழாய் கொஞ்சம் இறுகும், இதயம் கொஞ்சம் வேகமா அடிக்கும், பிபி நின்னுடும். பதினெட்டு வருஷச் சர்க்கரையில அதைச் செய்யுற நரம்பு மந்தமாயிருக்கும். அதே நேரத்துல மெஷின் மணிக்கு 600, 700 மி.லி. தண்ணியை உருவிக்கிட்டிருக்கு. ரெண்டும் சேர்ந்து தள்ளுது. சாப்பிட்ட அரை மணியிலேர்ந்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் இந்த ஆபத்து இருக்கும். உங்க அப்பாவுக்கு நாற்பதாவது நிமிஷத்துல வந்தது அப்படித்தான்.

இன்னொரு கணக்கு இருக்கு. இதை வீட்டுக்காரங்களுக்கு யாரும் உட்கார வெச்சுச் சொல்றதில்ல. மெஷின்ல இருக்கும்போது வாயில போற ஒவ்வொரு கிராமும் எடுக்க வேண்டிய எடையில சேரும். வெயிட் ஏறினது 2400 மி.லி.ன்னு வெச்சுக்குங்க. கடைசியில லைன்ல, அதாவது மெஷின் குழாய்ல, நிக்கிற ரத்தத்தை உள்ளே திருப்ப சலைன் சுமார் 250 மி.லி. போகும். மூணு இட்லி 135 கிராம், சாம்பார் 120, டீ 120, வாய் கொப்பளிச்சுக் குடிச்ச தண்ணி 100. மொத்தம் 3125. நாலு மணி நேரத்துக்குப் பிரிச்சா மணிக்கு 781 மி.லி. அதை 56 கிலோவால வகுத்தா கிலோவுக்குக் கிட்டத்தட்ட 14 மி.லி. 13-ஐத் தாண்டினா இதயத்துக்கு நல்லதில்லன்னு வெச்சிருக்கோம். அதாவது அந்த டிபன் வயித்துப் பக்கம் ரத்தத்தை இழுத்ததோட நிக்கல, நீர் எடுக்கிற வேகத்தையும் எல்லைக்கு மேல கொண்டு போயிருக்கு.

இதே கணக்குல சாம்பாரும் டீயும் இல்லாம சின்ன ரெண்டு துண்டு, 50 மி.லி. தண்ணின்னு மொத்தம் 140-ல நிறுத்தினா 12.5-க்கு வந்துடும். வெயிட் ஏத்தம் 2 கிலோவுல நின்னா 10.7. அதனால சாப்பிடலாமாங்கிற கேள்விக்குப் பாதி பதில் முந்தின நாள் குடிச்ச தண்ணியிலயும் தின்ன உப்புலயும் இருக்கு. எதைக் கொடுத்தாலும் ஏத்துறதுக்கு முன்னாடியே டெக்னீஷியன்கிட்ட "இன்னைக்கு இவ்வளவு சாப்பிடுவார்"னு சொல்லிடுங்க. யூ.எஃப். கோல் (எடுக்க வேண்டிய நீரோட மொத்த அளவு) போடும்போதே சேர்த்துடுவோம். நடுவுல போய்ச் சொன்னா மீதி இருக்கிற ரெண்டு மணி நேரத்துல அவ்வளவையும் எடுக்க வேண்டி வரும், வேகம் கூடிடும்.

டாக்டர்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, டயாலிசேட் (டயாலிசிஸ் திரவம்) வெப்பநிலையை 36-க்குக் குறைச்சு ஓட்டலாமா. கொஞ்சம் குளிரும், போர்வை கொண்டு போகணும், ஆனா பிபி நல்லா நிக்கும். இன்னொண்ணு, காலை பிபி மாத்திரையை டயாலிசிஸ் நாள்ல முன்னாடி போடுறதா, முடிஞ்சு போடுறதா. எல்லா மாத்திரைக்கும் ஒரே பதில் கிடையாது. நீங்களா நிறுத்தாதீங்க.


கொள்ளிடம் (உணவு ஆலோசகர்):

வெண்ணாறு சொன்ன கணக்கு சரி. ஆனால் "உள்ளே சாப்பாடே வேண்டாம்" என்று எல்லோருக்கும் பொதுவாகப் போடும் விதியை நான் ஏற்கமாட்டேன். வாரம் மூன்று தடவை என்றால் வருடத்துக்கு 156 காலைச் சாப்பாடு. அத்தனையும் போனால் உடம்பு சதையைக் கரைத்துத்தான் சமாளிக்கும். ஒவ்வொரு டயாலிசிஸிலும் வடிகட்டி வழியாக 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலம் (புரதத்தின் கூறு) வேறு வெளியே போகிறது. டிரை வெயிட் அப்படியே இருக்கிறதே என்று நினைத்திருப்போம். உள்ளே சதை குறைந்து அந்த இடத்தில் நீர் உட்கார்ந்திருக்கும். சிறுநீரக உணவியலுக்கான சர்வதேசச் சங்கம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையும், பிபி நிலையாக இருப்பவர்களுக்கு, சாப்பிட்டால் தொந்தரவு வராதவர்களுக்கு, டயாலிசிஸ் நேரத்தில் புரதம் மிகுந்த உணவு கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. உங்கள் அப்பா இப்போதைக்கு அந்தக் கணக்கில் வரமாட்டார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வருவார். ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். 56 கிலோவுக்கு 56 முதல் 67 கிராம். டயாலிசிஸுக்கு முன்னால் "புரதத்தைக் குறை" என்று சொல்லியிருப்பார்கள். அதையே பிடித்துக்கொண்டு பருப்பும் முட்டையும் ஒதுக்கி, ரசம் சோற்றிலேயே காலம் தள்ளுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. மெஷினில் ஏறிய நாளோடு அந்த விதி மாறிவிட்டது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மெஷினில் கொடுக்க அனுமதி கிடைத்தால் என் முதல் தேர்வு அவித்த முட்டையின் வெள்ளைக்கரு. ஒரு முட்டை வெள்ளையில் 3.6 கிராம் புரதம், பாஸ்பரஸ் 5 மி.கி. அளவுதான். மஞ்சளோடு முழு முட்டையாகச் சாப்பிட்டால் பாஸ்பரஸ் 90 மி.கி.யைத் தொடும். இரண்டு வெள்ளைக்கருவும் ஒரு இட்லியும் சேர்ந்தால் 110 கிராம் எடை, 9 கிராம் புரதம். தண்ணீரை 30 மி.லி.யோடு நிறுத்தினால் வெண்ணாறு சொன்ன 140-க்குள் அடங்கிவிடும்.

கட்டும் விதம் முக்கியம். வெள்ளைக்கருவை நாலாக நறுக்கி, மிளகுத்தூள் மட்டும் தூவி, உப்பு போடாமல் வையுங்கள். இட்லியையும் நாலாக வெட்டி ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவுங்கள். அவருக்கு ஒரு கைதான் உபயோகத்தில் இருக்கும், பிய்க்க முடியாது. ஒவ்வொரு துண்டும் ஒரே வாய்க்கு வரும் அளவாகச் சின்னச் சம்படத்தில் அடுக்கினால் சிந்தாது. சாம்பார், சட்னி எதுவும் வேண்டாம். கடை மிளகாய்ப்பொடியிலும் உப்பு அதிகம். 9 கிராம் உப்பு உள்ளே போனால் ஒரு லிட்டர் தண்ணீரை உடம்பு பிடித்துவைத்துக்கொள்ளும். மாவடு, அப்பளம், நாகப்பட்டினத்துக் கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் ஆளைக் கவிழ்க்கின்றன. "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதை வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் நின்றவருக்கு அது விஷம்.

இளநீர் விஷயம். மெஷின் இழுத்துவிடும் என்பது தவறு, ஆபத்தான தவறு. 100 மி.லி. இளநீரில் சுமார் 250 மி.கி. பொட்டாசியம். ஒரு காயில் 300 மி.லி. இருந்தால் 750 மி.கி. சாப்பிட்டது இரைப்பையைத் தாண்டி, குடலில் உறிஞ்சி, ரத்தத்துக்கு முழுதாக வர மணிக்கணக்கில் ஆகும். நீண்டநாள் சர்க்கரை உள்ளவருக்கு இரைப்பையே மெதுவாகத்தான் காலியாகும். மெஷினிலிருந்து இறங்கிய பிறகு மீதி ரத்தத்தில் ஏறும். அந்த நேரத்தில்தான் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியமும் வெளியே கசிந்து ரத்தத்தில் தானாகவே அளவு கூடும். இரண்டும் சேரும்போது வீட்டில் மானிட்டர் இருக்காது. சனிக்கிழமை முடிந்தால் அடுத்தது செவ்வாய்தான் என்பதால் உங்களுக்குச் சனிக்கிழமை இன்னும் கவனம் வேண்டும். ஆஸ்பத்திரி வாசலிலேயே இளநீர் வண்டி நிற்கும், தாகத்தோடு வெளியே வருவார். கூட வருகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வாழைப்பழமும் அப்படியே, 100 கிராமுக்கு 350 மி.கி.யைச் சுற்றி.

பாஸ்பரஸுக்கும் மெஷின் போதாது. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 800 மி.கி. எடுக்கும், வாரத்துக்கு 2400. சாதாரணச் சாப்பாட்டில் வாரத்துக்கு 7000 மி.கி. உள்ளே போகிறது. குடல் உறிஞ்சாமல் விடுவது போக மீதி அதிகம். அதற்குத்தான் மாத்திரை. சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் அது வேலை செய்யும், வெறும் வயிற்றில் போட்டால் வீண். கால்சியம் அசிடேட்டோ செவலமரோ எதுவானாலும் முதல் கவளத்தோடு போடுங்கள். செவலமரை உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும். வெள்ளைக்கருவும் ஒரு இட்லியும் மட்டும் என்றால் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதற்கு மாத்திரை தேவையா என்று உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் முடிந்து சாப்பிடும் பெரிய வேளைக்குக் கட்டாயம்.


அரசலாறு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சாம்பாரும் டீயும் எடையில சேரும்னு இதுவரைக்கும் யாரும் சொல்லல. இன்னும் மூணு சந்தேகம். அப்பா சனிக்கிழமை முட்டை தொடமாட்டார், பெருமாளுக்கு விரதம். அன்னைக்கு என்ன கொடுக்கிறது? சுகர் 62 வந்தப்ப அவசரத்துக்கு என்ன கொடுத்திருக்கணும்? சென்டர்ல "வேண்டாம்"னு சொல்றவங்ககிட்ட எப்படிப் பேசுறது?


குடமுருட்டி (டயாலிசிஸ் நர்ஸ்):

கடைசிக் கேள்வியிலேர்ந்து வர்றேன். சிஸ்டர் வேண்டாம்னு சொல்றது வீம்புக்கு இல்லம்மா. நாலு அஞ்சு மெஷினுக்கு ஒரு ஆள் நிப்போம். ஒருத்தருக்கு வாந்தி வந்தா அந்த இடத்துலயே நிக்கணும். பிபி இறங்கி அரை மயக்கத்துல இருக்கிறவருக்கு வாயில இட்லி இருந்தா அது மூச்சுக்குழாய்க்குப் போயிடும். அதுதான் எங்களுக்குப் பெரிய பயம். அடுத்தது தொற்று. மஞ்சள் காமாலை பி, சி ரெண்டும் ரத்தம் வழியாப் பரவும். டயாலிசிஸ் அறையில கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துளி கைப்பிடியில, மேசையில, போர்வையில இருக்கலாம். அதே கையால சாப்பிடக்கூடாது. ஒருத்தர் கொண்டு வந்ததை நாலு பேர் பகிர்ந்து சாப்பிடுறது வார்டுல சகஜம். பாசம்தான், ஆனா அதை நிறுத்தியே ஆகணும்.

அதனால டாக்டர்கிட்ட பேசி "பிபி 120-க்கு மேல இருந்தால் முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் 100 கிராம் வரை" அப்படின்னு அளவோட, நேரத்தோட ஃபைல்ல எழுதி வாங்குங்க. எண்ணு அவர் சொல்றது, நான் உதாரணத்துக்குச் சொன்னேன். எழுத்துல இருந்தா எந்த ஷிஃப்ட் சிஸ்டரும் மறுக்கமாட்டாங்க. எழுதலன்னா கேட்டுப் பிரயோஜனம் இல்ல.

கொடுக்கிற முறை இப்படி. ஏத்தினவுடனே கொடுக்காதீங்க. அரை மணிக்கு ஒரு தடவை பிபி பார்ப்போம், ரெண்டு தடவை நிலையா நின்ன பிறகு கேளுங்க. கட்டிலோட தலைப்பக்கத்தை நல்லா நிமிர்த்தி, 45 டிகிரிக்கு மேல உட்கார வெச்சுத்தான் சாப்பாடு. பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடறதுக்காக ரத்தக்குழாய்களை இணைச்சு வெச்ச இடம்) இருக்கிற கையை அசைக்கவோ மடக்கவோ கூடாது, ஊசி நகர்ந்தா உள்ளேயே வீங்கிடும். அடுத்த கையை சானிடைசர் போட்டுத் துடைச்சுட்டு, முடிஞ்சா ஸ்பூன்ல. சம்படத்தை மெஷின் மேல, லைன் மேல வைக்காதீங்க, மடியில ஒரு துண்டு விரிச்சு வைங்க. பல்செட் இருந்தா போட்டுத்தான் சாப்பிடணும், கழட்டி வெச்சுட்டு விழுங்கக் கூடாது. ஏத்துற நேரத்துலயும் இறக்குற நேரத்துலயும் அந்த அறையில யாருக்கும் எந்தச் சாப்பாடும் திறக்கக்கூடாது. அப்பதான் ரத்தம் தெறிக்க வாய்ப்பு. கடைசி ஒரு மணி நேரம் ஒண்ணும் வேண்டாம். நீர் பெரும்பகுதி எடுத்து முடிச்சிருப்போம், உடம்புல தாங்கல் இருக்காது.

சாப்பிட்டதும் படுக்க வெச்சுட்டு டீ குடிக்க வெளியே போயிடாதீங்க. அடுத்த ஒரு மணி நேரம் முகத்தைப் பாருங்க. மெஷின் காட்டுறதுக்கு முன்னாடி முகம் காட்டும். அடிக்கடி கொட்டாவி, நெத்தியில பொடிப்பொடியா வேர்வை, வயித்தைப் புரட்டுது, திடீர்னு வெளிக்கு வருதுன்னு சொல்றது, காது அடைக்குது, கண்ணு மங்குது. இதுல ஒண்ணு வந்தாலும் உடனே கூப்பிடுங்க. வாயில இருக்கிறதைத் துப்பச் சொல்லுங்க. தண்ணி ஊட்டாதீங்க. நாங்க நீர் எடுக்கிறதை நிறுத்தி, தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தி, 100 மி.லி. சலைன் விட்டு அஞ்சு நிமிஷத்துல திரும்ப பிபி பார்ப்போம். வாந்தி வர்ற மாதிரி இருந்தா முகத்தை ஒருபக்கமா சாய்ச்சுப் பிடிங்க, மல்லாந்து இருக்க விடாதீங்க. அன்னைக்கு மறுபடி சாப்பாடு கிடையாது.

சுகர் 62. நினைவு தெளிவா இருந்து விழுங்க முடிஞ்சா 15 கிராம் சர்க்கரை, அதாவது மூணு டீஸ்பூன், 50 மி.லி. தண்ணியில கரைச்சுக் குடிக்கக் கொடுக்கணும். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. 70-க்குக் கீழேயே இருந்தா இன்னொரு தடவை. பழச்சாறு, இளநீர், ஓ.ஆர்.எஸ். வேண்டாம். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுல 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கு. நினைவு மங்கலா இருந்தா வாயிலயே ஒண்ணும் வைக்காதீங்க. லைன் போட்டுத்தான் இருக்கு, குளுக்கோஸை நாங்க அதுலயே ஏத்திடுவோம், நிமிஷத்துல வேலை செய்யும்.

ஆனா 62 ஏன் வந்ததுன்னு தேடணும். இன்சுலினைக் கரைச்சு வெளியேத்துறதுல சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது வேலை செய்யாதப்ப போட்ட ஊசி நீண்ட நேரம் இழுக்கும். காலை ஊசியை வழக்கம்போலப் போட்டுட்டு டிபன் இல்லாம மெஷின்ல ஏத்தினா இறங்காம என்ன செய்யும்? சில சென்டர்ல டயாலிசிஸ் திரவத்துல குளுக்கோஸே இருக்காது. அப்ப ரத்தத்துலேர்ந்து 15 முதல் 30 கிராம் சர்க்கரை அந்த வழியாவே போயிடும். உங்க சென்டர்ல குளுக்கோஸ் உள்ளதா, இல்லாததான்னு கேளுங்க. டயாலிசிஸ் நாளுக்குத் தனி இன்சுலின் அளவு எழுதித் தரச் சொல்லுங்க. நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புறவருக்கு ஊசி எப்போ, எவ்வளவுன்னு டாக்டருக்கு உங்க பஸ் நேரத்தையும் சேர்த்துச் சொன்னாதான் அவர் சரியா எழுத முடியும். ஏத்தும்போதே சுகர் 100-க்குக் கீழ இருந்தா வாயைத் திறந்து சொல்லிடுங்க.


கொள்ளிடம்:

சனிக்கிழமைக்குப் பனீர். கடையில் வாங்க வேண்டாம், வீட்டில் செய்வது எளிது. கால் லிட்டர் பசும்பாலைக் காய்ச்சிப் பொங்கி வரும்போது இறக்கி, அரை எலுமிச்சம்பழச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறினால் திரிந்து தண்ணீர் தனியாகப் பிரியும். மெல்லிய துணியில் வடித்து, ஒரு தடவை பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, அம்மிக் குழவியோ கனமான பாத்திரமோ ஏற்றி அரை மணி வையுங்கள். சுமார் 40 கிராம் கிடைக்கும், 7 கிராம் புரதம். பாலில் இருந்த பொட்டாசியத்தில் பெரும்பகுதி அந்த வடித்த தண்ணீரோடு போய்விடும், அதனால் அதைக் குழம்பில் ஊற்றிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை இரவே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெயில் காலத்தில் நாலு மணிக்கு எடுத்து எட்டு மணி வரை பையில் வைத்தால் கெட்டுவிடும். பனிக்கட்டிப் பையோடு கட்டுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு இட்லி மட்டும் போதும். பனீரில் பாஸ்பரஸ் உண்டு, வெள்ளைக்கரு மாதிரி இல்லை. அன்றைக்கு மாத்திரையை விடாதீர்கள்.

முட்டைக்குப் பதில் சுண்டல், பொட்டுக்கடலை உருண்டை என்று போக வேண்டாம், பொட்டாசியமும் பாஸ்பரஸும் சேர்ந்து வரும். சத்துமாவுக் கஞ்சியும் மால்ட் பானங்களும் அதே வகை. பார்க்கச் சத்தாகத் தெரியும், நோயாளிக்குச் சுமை. கிரீம் பிஸ்கட்டில் சேர்மானமாகப் போடும் பாஸ்பேட், பருப்பில் இயற்கையாக இருப்பதைவிட வேகமாகவும் முழுதாகவும் உறிஞ்சப்படும்.

காப்பி இல்லாமல் இருக்கமாட்டார் என்றால் டயாலிசிஸ் முடிந்த பிறகு அரை டபரா, 75 மி.லி. அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் எழுதுங்கள்.

வீட்டுச் சமையலில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். உருளை, சேனை, வாழைக்காய் எதுவானாலும் தோல் சீவி மெல்லிசாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். வெறுமனே ஊறவைத்தால் கொஞ்சம்தான் இறங்கும், வேகவைத்து வடித்தால்தான் கணிசமாகப் போகும். குக்கரில் பருப்போடு சேர்த்து வைத்தால் அத்தனையும் குழம்பிலேயே தங்கும்.


வெண்ணாறு:

நேரத்தைக் கோத்துப் பார்ப்போம். மூணேகாலுக்கு வீட்டுல ரெண்டு இட்லியும் ஒரு வெள்ளைக்கருவும். டாக்டர் மாத்தி எழுதின இன்சுலின் அளவு இதோட சேர்ந்து வரணும். ஏத்துறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி சாப்பிட்டதால மெஷின்ல பிபி இறங்குற பயம் குறைவு. எட்டு மணிக்கு அனுமதி இருந்தா அந்தச் சம்படம். முதல் ரெண்டு வாரம் அதையும் பாதியா கொடுங்க, ஒரு வெள்ளைக்கருவும் அரை இட்லியும். நாலஞ்சு தடவை பிபி நின்னா முழு அளவுக்குப் போகலாம். ஒரு சின்ன நோட்டுல தேதி, ஏறின வெயிட், சாப்பிட்ட நேரம், அளவு, அரை மணிக்கு ஒரு பிபி இவ்வளவும் எழுதி வைங்க. மூணு வாரத்துல அவருக்கு எது ஒத்துக்குது, எந்த நேரம் ஒத்துக்கலன்னு அதுலயே தெரிஞ்சுடும். டாக்டரும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

பத்தரைக்கு இறக்கினதும் நேரா ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. இது நிறைய பேருக்கு நடக்கிற தப்பு. மெஷின்ல மயங்காதவர் பஸ் ஸ்டாண்டுல மயங்குவார். ரெண்டரை லிட்டர் நீர் போயிருக்கு, பசியில வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு அரை மணியில எழுந்து பஸ்ஸுக்கு ஓடினா வயித்துப் பக்கம் ரத்தம் போய் அங்கேயே விழுந்துடுவார். ஊசி எடுத்த இடத்தை 10, 15 நிமிஷம் விரலால அழுத்திப் பிடிச்சு, ரத்தம் நின்னுதான்னு பார்த்து, உட்கார்ந்து ஒரு பிபி, நின்னு ஒரு பிபி எடுக்கச் சொல்லுங்க. நின்னா ரொம்ப இறங்குதுன்னா இன்னும் உட்கார வைங்க. அப்புறம் வெளியே மர நிழல்லயோ வராண்டாவுலயோ உட்கார்ந்து, வீட்டுலேர்ந்து கொண்டு வந்ததுல பாதி. மாத்திரை முதல் வாயோட. முக்கால் மணி அதே இடத்துல உட்கார்ந்துட்டு பஸ் ஏறட்டும். மீதிப் பாதி வீட்டுக்குப் போய்.

பஸ்ல ஜன்னல் கம்பியைப் பிஸ்டுலா கையால பிடிக்க வேண்டாம், சாப்பாட்டுப் பையையும் அந்தக் கையில மாட்ட வேண்டாம். கட்டுல ஈரம் கசியுதான்னு பட்டுக்கோட்டை தாண்டுறதுக்குள்ள ரெண்டு தடவை தொட்டுப் பாருங்க. கசிஞ்சா விரலை வெச்சு அழுத்திக்கிட்டே இருங்க, கட்டை அவிழ்க்காதீங்க.


அரசலாறு:

நாளைக்கே பஸ் நேரத்தையும் சேர்த்து எழுதி டாக்டர்கிட்ட காட்டுறேன். செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிஞ்சதும் நோட்டுல இருக்கிறதை இங்கே போடறேன்.